பழைய வண்ணாரப்பேட்டையில் நம்பிக் கூப்பிடக்கூடிய சர்வர் சர்வீஸ்

எம்.சி. ரோட்டில் எங்கள் ஜவுளிக் கடைக் கணக்கெல்லாம் ஒரே விண்டோஸ் சர்வரில்தான். நான் அட்மினாக நுழைந்தால் திறக்கும். தண்டையார்பேட்டை குடோனிலிருந்து பில் போடும் இருவருக்கும் 'ரிமோட்டில் நுழைய உரிமை இல்லை' என்றே வரும். அதைச் சரிசெய்ய முன்பு வந்தவர் இருவரையும் அட்மினாக்கிவிட்டுப் போய்விட்டார். பில் போடுபவருக்கு சர்வரையே அழிக்கும் அதிகாரம் எதற்கு? எனக்குத் தூக்கமே வரவில்லை.

மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துச் சின்னக் கடையிலிருந்து வந்த தம்பி முதலில் அந்த அதிகாரத்தைப் பிடுங்கினார். இருவரையும் 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' குழுவில் சேர்த்தார். அப்பவும் திறக்கவில்லை. எங்கள் சர்வரே டொமைன் கன்ட்ரோலர் (எல்லார் யூசர் கணக்கையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் சர்வர்) என்பதால் அது மட்டும் போதாதாம். பாலிசியில், அதாவது யாருக்கு என்ன அனுமதி என்ற சர்வர் விதிகளில், 'ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் வழியாக லாக் ஆன்' உரிமையிலும் அந்தக் குழுவைச் சேர்க்க வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கிளிக்கையும் என் நோட்டில் எழுத வைத்தார். மாற்றிய பாலிசியை உடனே அமலாக்கும் 'ஜிபிஅப்டேட்' கட்டளையைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் குடோனிலிருந்து போன்: "அண்ணா, உள்ளே வந்துட்டேன்!"

சர்வரோடு வரும் 2 ரிமோட் இணைப்பும் நிர்வாக வேலைக்குத்தான், ஊழியர்கள் தினமும் நுழைய ஆர்டிஎஸ் கேல் என்ற ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்புறம், சாயந்திரம் 6 மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார்கள், காலையிலேயே கூப்பிடுங்கள்.