சாஃப் கோல்டு ஈஸ்ட்: பிய்த்துத் தின்னும் இனிப்பு ரொட்டிக்கு இது வேண்டுமா?

சின்னச் சின்ன உருண்டைகளை வெண்ணெயிலும் சர்க்கரையிலும் புரட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுட்டு, சூட்டோடு கையால் பிய்த்துத் தின்கிற ரொட்டியை அமெரிக்காவில் மங்கி பிரெட் என்கிறார்கள். இதை வீட்டில் சுட நினைப்பவர்களுக்குக் கடைக்காரரும் இணையமும் சேர்ந்து ஒரே அறிவுரையைத்தான் சொல்வார்கள்: "இனிப்பு மாவா? கோல்டு ஈஸ்ட் வாங்குங்க." பிரான்சின் லெசாஃப்ர் நிறுவனம் தயாரிக்கும் சாஃப்-இன்ஸ்டன்ட் ஈஸ்டின் தங்க நிற லேபிள் ரகம் அது. 1853-இல் தொடங்கிய பழைய நிறுவனம். ஈஸ்ட்தான் அவர்கள் தொழில். சரக்கின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ரொட்டிக்கு அது அவசியமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. அதே சாஃப்-இன்ஸ்டன்டின் சாதாரண ரகமான சிவப்பு லேபிளே போதும். தங்கம் தேவைப்படும் இடம் வேறு.

காரணம் எளிது. இந்த ரொட்டியின் இனிப்பில் பெரும்பகுதி மாவுக்கு வெளியே இருக்கிறது. ஈஸ்ட் வாழ்வது மாவுக்கு உள்ளே.

சர்க்கரை கூடக் கூட, மாவில் இருக்கிற தண்ணீரை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஈஸ்ட் செல்லிலிருந்தும் நீர் வெளியேறும், செல் சோர்ந்துபோகும். சாதாரண ஈஸ்டில் இன்வர்ட்டேஸ் என்ற நொதி வேகமாக வேலை செய்து, சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைத்துவிடும். ஒரு மூலக்கூறு இருந்த இடத்தில் இரண்டு வந்துவிடுவதால் செல்லிலிருந்து நீரை இழுக்கும் அழுத்தம் இன்னும் ஏறும். கோல்டு ரகத்தில் இந்த நொதியின் வேகம் குறைவு, நீரிழப்பைத் தாங்கும் திறன் அதிகம். அதனால்தான் அது இனிப்பு மாவில் தளராமல் உப்புகிறது.

மைதாவின் எடையை 100 என்று வைத்துக்கொண்டு சர்க்கரையைக் கணக்குப் போடுங்கள். 5 சதவீதத்துக்குக் கீழே சிவப்பு. 5 முதல் 10 வரை இரண்டுமே ஓடும். 10-ஐத் தாண்டினால் கோல்டு முந்தும். 20-ஐ நெருங்கினால் சிவப்பு மூச்சு வாங்கும். கோல்டு ஒரு மணி நேரத்தில் எட்டும் உயரத்துக்கு, அந்த அளவு இனிப்பில் சிவப்பு ஒன்றரை மணி, இரண்டு மணிகூட எடுக்கும். 400 கிராம் மைதாவுக்கு 40 கிராம் சர்க்கரை என்றால் சரியாக 10 சதவீதம். பிய்த்துத் தின்னும் ரொட்டிக்கு மாவில் இதற்குமேல் சர்க்கரை போடவே தேவையில்லை. வெளிப்பூச்சில் 130 கிராம் சர்க்கரை காத்திருக்கிறது. மாவிலேயே 80 கிராம் போடச் சொல்லும் செய்முறைகள் இருக்கின்றன. சுட்டதும் இரண்டு உருண்டைக்கு மேல் தின்ன முடியாது, திகட்டும்.

ஈஸ்டைச் சோதித்துப் பார்க்கத் தோதான அளவு இது. 400 கிராம் மைதா, காய்ச்சி ஆறவைத்த பால் 200 மில்லி, ஒரு முட்டை, சர்க்கரை 40 கிராம், வெண்ணெய் 50 கிராம், உப்பு 6 கிராம், ஈஸ்ட் 5 கிராம். ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஏறக்குறைய 3 கிராம் வரும். கடை வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு இருந்தால் மாவுக்கு 5 கிராம் உப்பு போதும். முட்டை வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதில் 40 மில்லி பால் கூட்டிக்கொள்ளலாம். நிறமும் மென்மையும் சற்றுக் குறையும், பழுதில்லை. பாலைக் காய்ச்சச் சொல்வது கிருமிக்காக மட்டுமல்ல. நன்கு காய்ச்சாத பாலில் இருக்கும் மோர்ப் புரதம் மாவின் இழுவையைக் கெடுக்கும். பாண்லே பாலோ ஆவின் பாலோ, காய்ச்சாமல் தொடாத வீடுகள் நம்முடையவை என்பதால் வெளிநாட்டுச் செய்முறைகள் இதற்காகப் படுத்தும் பாடு நமக்கு இல்லை.

வெண்ணெயைக் கடைசியில் சேர்க்க வேண்டும். மற்றவற்றைப் பிசைந்து மாவு ஒன்றுசேர்ந்த பிறகு, அறைச்சூட்டில் இளகிய வெண்ணெயை மூன்று தவணையாக. முதலிலேயே கொழுப்புப் போட்டால் மைதா தண்ணீர் குடிப்பது தாமதமாகும், பிசையும் நேரம் நீளும். கையால் 10 முதல் 12 நிமிடம் பிசையலாம். ஒரு துண்டை விரல்களால் மெல்ல விரித்தால் கிழியாமல் சவ்வு மாதிரி நிற்க வேண்டும்.

இனி வெயில். புதுச்சேரியிலும் கடலூரிலும் இனிப்பு ரொட்டி கெட்டுப்போனால் ஈஸ்டின் லேபிளைவிட மாவின் சூடுதான் முதல் சந்தேகத்துக்குரியது. பிசைந்து முடித்த மாவு 26, 27 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். மே மாதத்தில் சமையலறையே 33-ஐத் தொட்டு நிற்கும்போது, "வெதுவெதுப்பான பால் சேர்க்கவும்" என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் மாவு 34, 35-க்குப் போய்விடும். அரை மணியில் இரண்டு மடங்காகும், பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் சாராய வாடை ஏறும், மாவு தொளதொளக்கும், உருண்டைகள் அச்சில் ஒன்றோடொன்று கலந்து, ஓவனில் ஏறிய வேகத்தில் அமுங்கும்.

பேக்கரிக்காரர்கள் போடும் கணக்கு இதற்கு உதவும். வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து மைதாவின் சூடு, அறையின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழிக்க வேண்டும். 27 × 3 = 81. மைதா 33, அறை 33, கையால் பிசைவதற்கு 3 கழித்தால் மிஞ்சுவது 12. ஆக, பால் 12 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்த பால். வடகிழக்குப் பருவமழை நாட்களில் அறையும் மைதாவும் 26-க்கு இறங்கியிருக்கும். அதே கணக்கில் பால் 26 டிகிரி, அறைச்சூட்டுப் பாலே போதும்.

குளிர்ந்த பால் என்றதும் ஓர் எச்சரிக்கை. இன்ஸ்டன்ட் ஈஸ்டை நேராகக் குளிர்ந்த நீரிலோ பாலிலோ போடக் கூடாது. உலர்ந்த செல் குளிரில் நனைந்தால் அதன் சவ்வு சரியாக மூடாமல் உள்ளிருக்கும் பொருள்கள் கசியும். அதில் குளூட்டாதயோன் என்ற ஒன்று மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் புரதத்தைத் தளர்த்திவிடும். ஈஸ்டும் பாதி வீண், மாவும் பிசுபிசுப்பு. மைதாவில் ஈஸ்டை உலர்வாகக் கலந்துவிட்டுப் பிறகு பாலை ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. கோல்டு, சிவப்பு இரண்டுக்கும் இதே விதிதான். கோடையில் ஈஸ்டையும் 5-லிருந்து 4 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டு ரகங்களுக்கும் நடத்தையில் உள்ள வேறுபாடு இந்த 10 சதவீத மாவில் அவ்வளவாகத் தெரியாது. 27 டிகிரியில் இரண்டுமே ஒரு மணி, ஒன்றேகால் மணியில் மாவை இரட்டிப்பாக்கும். சுட்ட பிறகு உயரத்தையோ துளைகளையோ பார்த்து எது எது என்று சொல்வது கடினம். கோல்டு தன் வேலையைக் காட்டுவது பிரியோஷ் என்ற வெண்ணெயும் முட்டையும் நிறைந்த பிரெஞ்சு ரொட்டி, சர்க்கரை அதிகமான பன், கிறிஸ்துமஸ் சமயத்துப் பழ ரொட்டி மாதிரியான மாவில். மறுபக்கம் புதுச்சேரிக்கே உரிய ஒரு கவலை உண்டு: ஈஸ்ட் வாங்குகிற பாதிப் பேருக்கு அடுத்த வாரம் பகெத் என்ற நீளமான பிரெஞ்சு ரொட்டியைச் சுட்டுப் பார்க்கும் ஆசை இருக்கும். சர்க்கரையே இல்லாத அந்த மாவில் ஈஸ்ட், மைதாவின் மாச்சத்திலிருந்து வரும் மால்ட்டோஸ் என்ற சர்க்கரையை உண்டுதான் வாழ வேண்டும். அதில் சிவப்புதான் வேகம், கோல்டு மந்தம். ஒரே பாக்கெட்டில் இரண்டு வேலையும் நடக்க வேண்டுமென்றால் அதுவும் சிவப்புக்கே சாதகம்.

பட்டைத்தூள் விஷயத்தில் மட்டும் லேபிள் எதுவாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. பட்டையின் வாசனைக்குக் காரணமான சின்னமால்டிஹைடு ஈஸ்டின் வளர்ச்சியைத் தடுக்கும். மாவுக்குள் இரண்டு ஸ்பூன் தட்டிவிட்டு "ஈஸ்ட் செத்துப்போச்சு" என்று கடையில் சண்டை போடுவது நியாயமில்லை. பட்டை பூச்சில் இருக்கட்டும்: உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 80 கிராம், சர்க்கரை 130 கிராம், பட்டைத்தூள் இரண்டு டீஸ்பூன். மாவுக்கு ஏலக்காய் போதும்.

பூச்சுக்கு இறக்குமதிப் பழுப்புச் சர்க்கரை தேடி அலைய வேண்டாம். நெல்லிக்குப்பம் பக்கமெல்லாம் கரும்பு விளைகிற நாட்டில் நாட்டுச் சர்க்கரை கிடைக்காதா என்ன. கருப்பஞ்சாற்றின் வாசனை அதில் முழுதாக இருக்கிறது, இந்த ரொட்டிக்கு அதுவே அழகு. ஆனால் கடற்காற்றில் கட்டி தட்டும். சலித்துத்தான் பயன்படுத்த வேண்டும். வெள்ளைச் சர்க்கரையைவிட முந்திக் கருகும். வெண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்றும் யோசனை பலருக்கு வரும். நெய்யில் தண்ணீரே கிடையாது. சர்க்கரை கரைய ஈரம் குறைந்து, நெய் தனியாகவும் சர்க்கரை மணல்மணலாகவும் நிற்கும்.

மாவை 23, 24 கிராம் துண்டுகளாக வெட்டினால் 32 உருண்டை வரும். கோடையில் கடைசி உருண்டையைப் பிடிப்பதற்குள் முதல் உருண்டை உப்பிவிடும். பாதி மாவைக் குளிரில் வைத்துவிட்டு மற்றப் பாதியை உருட்டுவது நல்லது. நடுவில் குழாய் உள்ள 9 அங்குல அச்சு வேண்டும். குழாய் இல்லாத வட்டத் தட்டில் அடுக்கினால் ஓரம் கருகும்வரை நடு வேகாது. வேறு வழி இல்லையென்றால் வெளிப்பக்கம் வெண்ணெய் தடவிய எவர்சில்வர் டம்ளரை நடுவில் வைத்துச் சுற்றி அடுக்கலாம். அச்சில் முக்கால் உயரம் வந்ததும் 175 டிகிரியில், கீழ்த்தட்டில், 30 முதல் 35 நிமிடம். ஓடிஜி என்ற சின்ன மின் ஓவனில் மேல்கம்பி நெருக்கமாக இருப்பதால் 20-ஆம் நிமிடம் அலுமினியத் தாள் மூட வேண்டும். உள்ளே வெப்பமானியைக் குத்தினால் 90 டிகிரியாவது காட்ட வேண்டும். வெளியே எடுத்து 5 நிமிடம் விட்டுக் கவிழ்த்துவிடுங்கள். கால் மணி தாண்டினால் பாகு இறுகி அச்சை விடாது.

ராத்திரியே அடுக்கிக் குளிரில் வைத்துக் காலையில் சுடும் வழக்கத்துக்கு இந்த ரொட்டி ஒத்துவராது. சர்க்கரை இரவு முழுவதும் உருண்டையின் மேல்தோலிலிருந்து நீரை உறிஞ்சி அடியில் பாகாகத் தேங்கும், தோல் பசையாகிவிடும். கோல்டு போட்டாலும் அந்தத் தோலைக் காப்பாற்ற முடியாது. மாவை மட்டும் மூடிக் குளிரில் வைத்து, காலையில் உருட்டிப் புரட்டுவதே சரி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: 500 கிராம் பாக்கெட் காற்றை உறிஞ்சிச் செங்கல் போல விறைப்பாக வரும். அழுத்தினால் நெளிந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, தேதி எவ்வளவு தள்ளியிருந்தாலும் எடுக்க வேண்டாம். கோல்டு எல்லாக் கடையிலும் இருக்காது, விலையும் பொதுவாகச் சிவப்பைவிடக் கூடுதல். குளோரிபான், ஏஞ்சல் போன்ற இன்ஸ்டன்ட் ஈஸ்ட்களும் கிடைக்கும்; ஏஞ்சலில் அதிகச் சர்க்கரை மாவுக்கென்றே தனி ரகம் உண்டு. மளிகைக் கடைச் சின்னப் பாக்கெட்டுகளில் பல, ஆக்டிவ் டிரை வகை. அதை 40 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துத்தான் சேர்க்க வேண்டும், அளவும் கால் பங்கு கூட்ட வேண்டும்.

அரைக் கிலோ ஒரு வீட்டுக்கு அதிகம், ஒரு ரொட்டிக்கு 5 கிராம்தானே. தெரிந்த இரண்டு மூன்று வீடுகளாகப் பிரித்துக்கொள்வது உசிதம். பிரித்ததும் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி உறைபெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். எடுக்கும்போது பாட்டிலை மேடையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது. நம் காற்றின் ஈரம் குளிர்ந்த துகள்மேல் பனித்துக் கட்டியாகும், அதிலிருந்தே ஈஸ்ட் சாகத் தொடங்கும். சந்தேகம் வந்தால் 50 கிராம் மைதா, 30 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட் பிசைந்து நேரான டம்ளரில் போட்டு, மாவின் உயரத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்கை நெருங்கவில்லை என்றால் அந்தப் பாட்டிலைக் கழுவி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.