சொந்தக் கேமராவா, வாடகைக் கேமராவா? சுங்கை சிப்புட் கணக்கு

கேமரா வாடகைக் கடை நாள் கணக்கில் பணம் வாங்கும். நாம் படமெடுக்கும் வெட்டுக்காடு, அதாவது ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இடம், அப்படி நாள் தவறாமல் நடக்காது. இரவு மழையில் பட்டை நனைந்துவிட்டால் காலையில் பால்வெட்டு கிடையாது. மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வேலையே குறைந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் சுமந்து வந்த கேமரா பைக்குள் கிடந்தாலும் அன்றைய வாடகை கட்டித்தான் ஆகவேண்டும். எனவே மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இரண்டு மூன்று பேர் நடத்தும் ஆவணப்பட நிறுவனத்துக்கு விதி இதுதான்: விடியலில் தேவைப்படுவதை வாங்குங்கள், தேதி குறித்து எடுப்பதற்கு வாடகை போதும்.

கணக்கு எளிது. வாங்கும் விலையை ஒரு நாள் வாடகையால் வகுத்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்று தெரியும். வாடகை நாள்களோடு எடுத்துவரும் நாளையும் திருப்பித் தரும் நாளையும் மழைநாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் வாடகை மலிவாகத் தெரிகிறது.

வாங்குவதில் முதலிடம் லென்ஸுக்கு. விடியுமுன் காட்டுக்குள் எஃப் 4 லென்ஸ் திணறும் (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் வாய் பெரிது); எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கேமரா நடுத்தர விலையில் இருந்தால் போதும். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி வைத்தால் நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்விளக்கு துடிக்காது. தொழிலாளியின் தலைவிளக்கு வேறு கதை. அதை மங்கலாக வைத்தால் படத்தில் கோடுகள் ஓடலாம். முழு வெளிச்சத்தில் வைக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும், இல்லையென்றால் ஷட்டரைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

சொந்தப் பொருளுக்கு எதிரி ஈரப்பதம். லென்ஸைச் சாதாரண அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரம் நீக்கும் பெட்டியில் 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். கண்ணாடியில் நீர் படியும். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டாயம் வாங்குங்கள். வயர்லெஸ் மைக் மரங்களுக்கிடையில், ஆள் முதுகு காட்டித் திரும்பும்போது அறுபடும். இடுப்பில் செருகும் சிறிய ரெக்கார்டர் அறுபடாது. மெல்லிய ஒலியையும் பலத்த ஒலியையும் ஒருசேரத் தாங்கும் 32 பிட் ஃப்ளோட் பதிவு என்றால் திடீர்க் கூச்சலையும் பெரும்பாலும் பிறகு சரிசெய்யலாம்.

பெரிய விளக்குகள், இரண்டாவது கேமரா, டிரோன் மூன்றையும் வாடகைக்கு எடுங்கள். டிரோனை ஓட்டுநரோடு எடுத்து, அனுமதிப் பத்திரத்தையும் அவரிடமே கேளுங்கள்.

டிஸ்க் எப்போதும் சொந்தம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பதிவு மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு டிஸ்கில் நகலெடுத்துத் திறந்து பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். ஒரு டிஸ்க் வேறு வீட்டில் இருக்கவேண்டும்.