செவ்வாய்ப்பேட்டைக்கு வந்த செவ்வாய்: ஒரு நடமாடும் கோளரங்கக் காட்சி

பள்ளி விடுமுறையை ஒட்டி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு திருமண மண்டபத்துக்குள் காற்றடைத்த கூடாரம் அமைத்து, செவ்வாய்க் கோளைப் பற்றிய நாற்பது நிமிடக் காட்சி ஒன்றை நடத்தி வருகிறார்கள். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற பேட்டையில் இதை நடத்துவது தற்செயலோ, விளம்பர உத்தியோ! நுழைவுக் கட்டணம் 120 ரூபாய். ஜமுக்காளத்தில் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும்.

எரிமலைப் பகுதிதான் காட்சியின் உயிர். செவ்வாயின் ஒலிம்பஸ் மோன்ஸ் எரிமலை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயரம். 1,628 மீட்டர் உயரமுள்ள நம் சேர்வராயன் மலை உச்சியைப் போல் பதின்மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதை எட்டாது. பூமியில் நிலத்தட்டுகள் நகர்வதால் எரிமலை தன் ஊற்றை விட்டு விலகிவிடுகிறது என்பதையும், செவ்வாயின் மேலோடு அவ்வாறு நகராததால் எரிமலைக் குழம்பு ஒரே இடத்தில் நெடுங்காலம் குவிந்தது என்பதையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்படி காட்டியிருக்கிறார்கள். ஆனால் அடுத்த வரியிலேயே செவ்வாயை ‘இறந்த கோள்’ என்று சொல்லிவிடுவது சரியில்லை. செவ்வாயில் இறங்கிய நாசாவின் இன்சைட் கலம் 2018 முதல் 2022 வரை அங்கே 1,300க்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்தது. 2022 மே 4 அன்று பதிவான அதிர்வின் அளவு 4.7.

துருவப் பனி பற்றிய பகுதி சுருக்கமானது, பிழையற்றது. தூசிப் புயல் பகுதியோ வெறும் சினிமா. பாறைகள் பறக்கின்றன, ஆய்வூர்தி கவிழ்கிறது. அங்குள்ள காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடும் புயலும் மேலில் படும்போது மெல்லிய தென்றலாகவே இருக்கும். 2018இல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி அடங்கிப்போனது காற்றின் வேகத்தால் அன்று, தூசி வெயிலை மறைத்து மின்சாரம் அற்றுப்போனதால்.

என் பெரிய மனக்குறை வேறு. செவ்வாயின் பழைய வளிமண்டலம் விண்வெளிக்குப் போய்விட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஒரு பகுதி அவ்வாறு போனது உண்மைதான். இன்னொரு பகுதி கல்லுக்குள் போனது. ஆலிவின் என்ற மக்னீசியக் கனிமம் நிறைந்த பாறையோடு கரியமில வாயு கலந்த நீர் வினைபுரிந்தால் மக்னீசியம் கார்பனேட், அதாவது மேக்னசைட், உண்டாகிறது; செவ்வாயின் நிலி ஃபோசே பகுதியில் அந்தக் கனிமம் இருப்பதைச் சுற்றுக்கலத்தின் கருவி 2008இல் காட்டியது. அதே கனிமத்தைத்தான் ஓமலூர் சாலையோரம் நம்மவர்கள் வெள்ளைக்கல் என்கிறார்கள்! ஆலிவின் மிகுந்த டூனைட் பாறையின் வெடிப்புகளில் அது நரம்பு நரம்பாக ஓடுவதைக் கருப்பூர்ப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மேக்னசைட் ஜங்ஷன் என்றொரு ரயில் நிலையமே இருக்கிறது. சேலத்துக்கு வந்து காட்சி நடத்துகிறவர்கள் அந்தக் கல்லில் ஒரு துண்டை வாயிலில் வைத்திருந்தால், காற்று எப்படிக் கல்லாகும் என்பதைப் பிள்ளைகள் கையால் தொட்டே அறிந்திருப்பார்கள்.

தமிழ் வருணனை தெளிவாக இருக்கிறது, பின்னணி இசைதான் அதை அவ்வப்போது விழுங்குகிறது. கூடாரத்தைத் தாங்கும் காற்றாடியின் இரைச்சலும் புழுக்கமும் மாலைக் காட்சியில் அதிகம். காலைக் காட்சிக்குச் சென்று, நடுவில் இடம்பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் படுத்தால் ஒலிம்பஸ் மோன்ஸ் சரிந்த சோளப்போர் போலத்தான் தெரியும்.