கோத்தகிரி மழையிலும் கைவிடாத ஆப்ட்

கோத்தகிரியில் ஒரு பள்ளியின் ஐந்து பழைய கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். ஐந்திலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் இயங்குகிறது. மென்பொருள்களை நிறுவுவதும் நீக்குவதும் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஆப்ட் கட்டளை வழியாகத்தான். டெபியன் 2.1 பதிப்போடு 1999-இல் வந்த இந்தக் கருவியின் அருமையை எனக்கு உணர்த்தியது எங்கள் மலையின் மழைக்காலம்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால், மரம் சாய்ந்து மின்சாரம் போவதும், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை மட்டுமே நம்பியிருக்கும் எங்கள் இணையம் அறுந்து போவதும் இங்கே வழக்கம். பாதி இறங்கிய தொகுப்பை (நிறுவுவதற்கான மென்பொருள் கோப்பை) ஆப்ட் தூக்கி எறிவதில்லை. இணையம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. ஒருநாள் மாலை, நிறுவல் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே மின்சாரம் போய்விட்டது. மறுநாள் ஆப்ட் வேலை செய்ய மறுத்தாலும், தொகுப்புகளை உண்மையில் நிறுவும் அடித்தளக் கருவியான டிபிகேஜியின் எந்தக் கட்டளையை இட வேண்டும் என்பதை அதுவே திரையில் எழுதிக் காட்டியது. அந்த ஒரு வரியைத் தட்டியதும் அரைகுறையாக நின்ற தொகுப்புகள் அனைத்தும் முறையாக நிறுவி முடிக்கப்பட்டன.

பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் தொகுப்பை ஆப்டிடம் கேட்டேன். அதற்குத் தேவையான துணைத் தொகுப்புகளை ஆப்ட் தானே தேடிச் சேர்த்துக்கொண்டது.

எனக்கு ஒரு குறை உண்டு. ஆப்ட் கட்டளை, நிறுவி முடித்தவுடன் பதிவிறக்கிய கோப்புகளை அழித்துவிடுகிறது. டேட்டாவை அளந்து செலவழிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது இழப்பு. அதையே ஐந்து முறை இறக்க வேண்டியிருக்கும். இதே ஆப்ட் கருவியின் பழைய கட்டளையான ஆப்ட்-கெட்டோ அவற்றை வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு கணினியில் ஆப்ட்-கெட் கொண்டு இறக்கி, சேமிப்பு அடைவிலுள்ள கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று மற்ற நான்கிலும் அதே அடைவில் போட்டுவிடுகிறேன். தொகுப்புப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு நிறுவச் சொன்னால், பதிப்பு ஒன்றாக இருக்கும்வரை அது இணையத்தைத் தேடிப் போவதில்லை.

இனித் தேவையில்லாத துணைத் தொகுப்புகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையை மட்டும் அவசரப்பட்டு இடக்கூடாது. நீக்கப்போகும் தொகுப்புகளின் பட்டியலை அது முன்கூட்டியே காட்டுகிறது. அதை வரி வரியாகப் படித்த பிறகே ஒய் விசையை அழுத்துகிறேன்.