போன் வந்த பிறகு எது உதவும்? ஜெல், மாத்திரை, பெண்ணுறை

கிருஷ்ணகிரிப் பக்கம் லாரி ஓட்டுபவரின் மனைவிக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு, தொப்பூர் டோல்கேட் தாண்டியதும் வரும் போன்தான். “வந்துட்டிருக்கேன், சோறு ஆக்கி வை.” மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். கணவரிடமிருந்து தொற்று வந்துவிடக் கூடாது என்று, தேவைப்படும்போது மட்டும் பெண் தானே பயன்படுத்தும் பால்வினை நோய்த் தடுப்புகளை இந்த இரண்டு மணி நேரத்தில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

முதலில் டெனோஃபோவிர் ஜெல், அதாவது எச்.ஐ.வி. மருந்து கலந்து பிறப்புறுப்பினுள் போடும் ஜெல். உறவுக்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒரு டோஸ், பிந்தைய 12 மணி நேரத்துக்குள் இன்னொன்று. 2010-ல் வெளியான தென்னாப்பிரிக்காவின் கப்ரிசா 004 ஆய்வில், 889 பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்று 39 சதவீதம் குறைந்தது. பிறப்புறுப்பு ஹெர்பீஸும் ஏறக்குறைய பாதியானது. எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் 2015-ல் முடிவு வந்த ஃபேக்ட்ஸ் 001 ஆய்வில் பலனே தெரியவில்லை. மருந்து அதேதான். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெற்றோர், உடன்பிறந்தோருடன் வாழ்ந்த இளம்பெண்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு டோஸ் போடப் பலரால் முடியவில்லை. இங்கே மட்டும் என்ன? மாமியார் கூடத்தில் படுத்திருப்பார், பாத்ரூம் கொல்லையில் இருக்கும். இரண்டாவது டோஸுக்கு யார் எழுந்து போவது?

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை அந்த விஷயத்தில் சௌகரியம். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் விழுங்கினால் போதும், யாருக்கும் தெரியாது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கென்யாவில் 449 பெண்களிடம் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பலன் இல்லை. மருந்தின் தடயம் இருக்கிறதா என்று தலைமுடியைப் பரிசோதித்ததில், பலர் மாத்திரையைச் சாப்பிடவே இல்லை எனத் தெரிந்தது. இது பாக்டீரியாத் தொற்றுகளுக்குத்தான், எச்.ஐ.வி.யைத் தொடாது.

என் ஓட்டு, பிறப்புறுப்பினுள் வைத்தால் கரையும் சிறு மாத்திரைக்கு. டெனோஃபோவிர் அலஃபெனமைடு, எல்விடெக்ராவிர் என்ற இரண்டு எச்.ஐ.வி. மருந்துகள் கலந்தது. குரங்குகளில், எச்.ஐ.வி. போன்ற வைரஸ் பட்டு நான்கு மணி நேரம் கழித்து வைத்தபோதும் பெரும்பாலும் காப்பாற்றியது. மனிதர்களில் இன்னும் ஆரம்பக்கட்டம்தான்; கடையில் கிடைக்காது.

சரி, இன்றைக்கு? பெண் உள்ளே பொருத்திக்கொள்ளும் ஆணுறை போன்ற பெண்ணுறைதான். எட்டு மணி நேரம் முன்பே பொருத்திக்கொள்ளலாம், எச்.ஐ.வி.யோடு மற்றத் தொற்றுகளையும் கர்ப்பத்தையும் தடுக்கும். ஆனால் கணவர் கண்ணில் படும், “எதுக்கு இது?” என்ற கேள்வி வரும். ‘இப்போ குழந்தை வேண்டாம்’ என்ற பதில் அங்கே கைகொடுக்கும். டாக்சிசைக்ளினை மட்டும் மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், கர்ப்பமாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.