புல்லில் எரியும் அடுப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் வைத்திருக்கும் இந்தச் சாண எரிவாயுப் பை சமையல் கழிவுக்கு அருமை, காலையில் டீயும் மதியம் பருப்பும் வேகிற அளவுக்கு நீலமாக நின்று எரிகிறது. ஆனால் நான் வாங்கியதே புல்லுக்காகத்தான். பக்கத்தில் இயற்கைப் பாதுகாப்புக்காக விட்டிருக்கும் புல்வெளியில் வெட்டிக் குவிக்கிற புல் வீணாகிறதே என்று மனசு கேட்கவில்லை. விற்றவர் எந்தப் புல்லும் போடலாம் என்றார், அது சரியில்லை. பறவைகள் குஞ்சு பொரித்து, பூக்கள் விதை உதிர்த்த பிறகுதான் அங்கே வெட்டுகிறார்கள், அதற்குள் தண்டு முற்றி லிக்னின் என்கிற கெட்டியான மரப்பொருள் ஏறிவிடும், பைக்குள் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களால் அதை எளிதில் செரிக்க முடியாது. முழுசாகப் போட்டேன், மேலே மெத்தை மாதிரி மிதந்தது, குழாயும் அடைத்துக்கொண்டது. கையை விட்டு இழுத்தால் கயிறு கயிறாக வந்தது. அப்புறம் விரல் நகம் அளவுக்கு நறுக்கி, இரண்டு நாள் ஊறவைத்து, மாட்டுச் சாணத்தோடு கலந்து போட்டதும் வாயு ஏறியது. ஜூலைக் குளிரில் குறைகிறது, 35 டிகிரிச் சூட்டில்தான் அந்த நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். வெளிவரும் கரைசலை முருங்கைக்கு ஊற்றுகிறேன், தளிர் தளிராக விடுகிறது. புல்தான் முக்கியம் என்றால் வாய் அகலமான தொட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.