ஓர்சேயும் பென் ஸ்டேஷனும்: கட்டடத்தைக் காப்பதா, ரயிலைக் காப்பதா?

பாரிஸின் ஓர்சே நிலையம் 1900இல் திறந்தது, நியூயார்க்கின் பென் ஸ்டேஷன் 1910இல். இரண்டுமே மின்சார ரயிலுக்காகக் கட்டியவை. பென் ஸ்டேஷனைக் கட்டிய பென்சில்வேனியா ரயில் கம்பெனியின் தலைவர் அலெக்சாண்டர் கசாட் ஓர்சேயை நேரில் பார்த்தவர். புகை இல்லாத என்ஜின் என்றால் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போட்டே நியூயார்க்கின் மையமான மன்ஹாட்டனுக்குள் வந்துவிடலாம் என்ற தெம்பு அங்கேதான் கிடைத்தது. (அவருடைய தங்கை மேரி கசாட் வரைந்த ஓவியம் இன்று அருங்காட்சியகமாகிவிட்ட ஓர்சேயில் இருக்கிறது!)

ஓர்சேயை முடக்கியதும் மின்சாரம்தான். மின்சாரம் பரவப் பரவ ரயில்கள் நீண்டுகொண்டே போக, நடைமேடைகள் போதவில்லை. 1939இல் தொலைதூர வண்டிகள் நின்றன. புறநகர் வண்டிகள் மட்டும் ஓடின. 1945இல் போர்க்கைதிகள் திரும்பி வந்தபோது அது வரவேற்பு மையமானது. 1970 வாக்கில் இடித்துவிட்டு ஹோட்டல் கட்டும் பேச்சு முற்றியிருந்தது. ஆனால் 1971இல் பாரிஸின் பழைய லே ஆல் சந்தையின் இரும்பு மண்டபங்களை இடித்ததில் ஊரே கொதித்துப்போயிருந்தது. அந்தக் கோபம் ஓர்சேயைக் காப்பாற்றியது. 1978இல் பாதுகாக்கப்பட்ட சின்னம், 1986இல் அருங்காட்சியகம். 1848 முதல் 1914 வரையிலான கலைக்கு அதே காலத்துக் கட்டடம்! இதைவிடப் பொருத்தமான மறுபயன்பாடு எனக்குத் தெரியவில்லை. உள்ளலங்காரம் செய்த கே ஆலென்டி, தண்டவாளம் கிடந்த இடத்தில் எழுப்பிய கல் சுவர்கள்தான் கொஞ்சம் கனம். ரயில் நிலையம் என்ற உணர்வை அவை மறைக்கின்றன.

பென் ஸ்டேஷன் கதை நேர் எதிர். அங்கே ரயிலுக்குக் குறைவே இல்லை, கம்பெனிக்குத்தான் பணமுடை. தண்டவாளம் முழுக்கப் பூமிக்கடியில் என்பதால், மேலே இருந்த மண்டபம் இல்லாமலே வண்டி ஓட்டலாம். அதனால் மேலே கட்டும் உரிமையை விற்றார்கள். ரோமானியக் குளியல் மாளிகை பாணியில் எழுந்த கூடம் 1963 முதல் இடிபட்டது, கீழே ரயில்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. அங்கே வந்தது மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். ஒரே ஆறுதல், அந்த அதிர்ச்சியில் 1965இல் நகரத்துக்குக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் கிடைத்தது.

என் ஓட்டு ஓர்சேவுக்குத்தான். ஆனால் அதையே எல்லாருக்கும் மாதிரியாகச் சொல்லத் தயங்குகிறேன். ரயிலுக்கு உதவாமல் போனதால்தான் அது அருங்காட்சியகமாக முடிந்தது. தினமும் லட்சக்கணக்கானோர் வந்துபோகும் பென் ஸ்டேஷனில் ஓவியம் மாட்ட முடியுமா? அதற்கு ஏற்ற வழி 2021இல் வந்தது: எதிரே இருந்த பழைய தபால் அலுவலகத்தை மொய்னிஹான் ரயில் கூடமாக்கினார்கள். பழைய நிலையத்தை வடிவமைத்த அதே நிறுவனத்தின் கட்டடம். தொலைதூர ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் பயணிகளுக்குக் கண்ணாடிக் கூரையும் வெளிச்சமும் கிடைத்தன. பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சிக்குப் போகும் வண்டியைப் பிடிக்கிற கூட்டத்துக்குப் பெரும்பாலும் இன்னும் அரங்கத்துக்கு அடியில் இருக்கும் தாழ்ந்த கூரைதான்.